கடலம்மாவும் கடன்கணக்கும்: குருநகர்க் கரையிலிருந்து ‘செம்மீன்’ நாவலை நோக்குதல்

தகழி சிவசங்கரப்பிள்ளையின் ‘செம்மீன்’ 1956ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளிவந்தது. மறு ஆண்டே சாகித்திய அக்காதெமியின் பரிசினைப் பெற்றது. 1962இல் சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் வெளியாயிற்று. 1965இல் ராமு காரியாத் அதனைத் திரைப்படமாக்கியபோது, மலையாளம் அறியாதாரும் கருத்தம்மாவையும் பரீக்குட்டியையும் அறிந்தனர். இன்று இந்நாவல் செவ்வியல் தகுதி பெற்றுவிட்டது. ஆயின் அத்தகுதி பெற்ற நூல்களுக்கு நேரும் ஒரு குறை இதற்கும் நேர்ந்துள்ளது. நூலைப் படிக்குமுன்னரே அதன் பொருள் யாதென்று வாசகர் தீர்மானித்து விடுகின்றனர். மீனவப் பெண்ணொருத்தியும் முஸ்லிம் இளைஞனொருவனும் கொண்ட கைகூடாக் காதல், அதனைப் பொறாத கடலன்னையின் சீற்றம் என்பதே நாவலைப் பற்றிய பொதுவான நினைவாக உள்ளது. நிறைவேறாத கனவு, மனித வலுவை மீறிய சூழ்நிலை என்னும் இரண்டு தொடர்களுள் நாவல் முழுவதும் அடங்கிவிட்டதாகக் கருதப்படுகிறது.

அச்சூழ்நிலை யாது, அது யாரால் ஆக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பியோர் குறைவு. கடலோடு தொடர்பில்லாத வாசகருக்கு அவ்வினா எழாமலிருப்பது இயல்பே. கடற்றொழிலையே சீவனோபாயமாகக் கொண்ட ஒரு கரையிலிருந்து நோக்கும்போது நாவலின் முகம் மாறிவிடுகிறது. யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே, கடனீரேரியை ஒட்டிக் கிடக்கும் குருநகர் அத்தகைய கரைகளுள் ஒன்று. அதன் பழம்பெயர் கரையூர். ஆலப்புழைக் கரையைப் பற்றிய ஒரு நாவலுக்குக் குருநகரின் வரலாறு உரைகல்லாகுமா என்று ஐயுறுவோர், இரு கரைகளிலும் நடந்தவற்றை ஒப்பவைத்துக் காணுதல் தகும்.

நாவலில் நிகழும் அழிவுக்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. ஒன்று வெளிப்படையானது. கடலுக்குச் சென்ற கணவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது. அவள் நெறி பிறழின் கடலம்மா அவனைக் கொண்டுவிடுவாள் என்பது அது. கருத்தம்மாவுக்கு இதனைப் போதிப்பவள் அவளுடைய தாய் சக்கி. நாவலின் தொடக்கத்தில் விதைக்கப்படும் இந்த ஐதீகம் முடிவிலே முளைத்துக் கதையை நிறைவு செய்கிறது. மற்றைய விளக்கம் அத்துணை ஆரவாரமற்றது. அது ஒரு கடன்கணக்கு.

செம்பன்குஞ்சின் கனவு கருத்தம்மாவின் காதலினும் மூத்தது. பிறர் வள்ளத்தில் துடுப்பு வலித்துப் பங்கு பெறும் அவன், தனக்கெனச் சொந்தமாக வள்ளமும் வலையும் வேண்டுமென்று ஆசைப்படுகிறான். அந்த ஆசைக்கு இரண்டு தடைகள் உள. முதலாவது, கரையில் வாழும் பிரிவினருள் யார் வள்ளம் வைத்திருக்கலாம், யார் வைத்திருத்தலாகாது என்று விதிக்கும் மரபு. இரண்டாவது, பணமின்மை. முதலாவது தடையைத் துறைத் தலைவனுக்குக் காணிக்கை வைத்துக் கடந்துவிடுகிறான். மரபு என்பது விலைக்கு வாங்கத்தக்கதே என்பதைத் தகழி இவ்விடத்தில் எள்ளலேதுமின்றிக் காட்டிவிடுகிறார். இரண்டாவது தடையைக் கடக்கப் பரீக்குட்டியின் பணமும் கருவாடும் உதவுகின்றன. பரீக்குட்டி பெருமுதலாளியல்லன். கரையிலே கொட்டில் போட்டு மீன் வாங்கிப் பதப்படுத்தி விற்கும் சிறு வியாபாரி. மகள்மீது அவன் கொண்ட அன்பையே ஈடாக வைத்துத் தந்தை அவனிடம் கடன் பெறுகிறான் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நிகழ்வது அதுவே. வள்ளம் முதல்முறை மீனோடு கரையேறும்போது பரீக்குட்டி வந்து நிற்கிறான். ரொக்கம் இருந்தாலன்றி அவனுக்கு மீன் இல்லையென்கிறான் செம்பன்குஞ்சு.

நாவலின் திருப்பம் இவ்விடத்திலேதான் உள்ளது. திரைப்படத்தைக் கண்டோர் கடற்கரையில் ஒலிக்கும் பாடலை நினைவில் வைத்திருப்பர். இந்த ரொக்கப் பேச்சை நினைவில் வைத்திருப்போர் சிலரே. பரீக்குட்டியின் வியாபாரம் நொடித்துப்போவதற்கும், கருத்தம்மா அவனைப் பற்றிய எண்ணத்தினின்று விடுபட இயலாமற்போவதற்கும் அன்று கொடாத மீனே காரணம். அவள் நெஞ்சில் காதலோடு கடனும் கலந்துவிடுகிறது. தந்தை தீர்க்காத கடனைத் தான் சுமப்பதாக அவள் உணர்கிறாள். மதமும் சாதியும் அவர்களைப் பிரித்தன என்பது உண்மையே. ஆயினும் மறக்கவொட்டாமற் செய்தது, தீர்க்கப்படாத அக்கணக்கே.

செம்பன்குஞ்சின் உயர்ச்சியையும் இவ்வாறே வாசித்தல் வேண்டும். மீன் மலிந்த சாகரைப் பருவத்தில் கரை முழுவதும் செலவு செய்து களிக்கிறது. பருவம் கழிந்து வறுமை வரும்போது, அயலாரின் நகைகளையும் பாத்திரங்களையும் மலிந்த விலைக்கு வாங்குபவன் செம்பன்குஞ்சு. நேற்றுவரை துடுப்பு வலித்தவன் இன்று பிறர் துடுப்பின்மீது பணம் முடக்குகிறான். தனக்கு வள்ளம் விற்ற கண்டன்கோரனைப் போலச் சுகமாக வாழவேண்டுமென்ற ஆசை அவனை, சக்கி இறந்தபின், கண்டன்கோரனின் விதவையான பாப்பிக்குஞ்ஞை மணக்கும் அளவுக்குக் கொண்டுசெல்கிறது. வாங்கிய வள்ளத்தோடு அந்த வாழ்க்கையும் சேர்த்து விற்கப்படவில்லை என்பதை அவன் பிந்தியே உணர்கிறான். நாவலின் மிகத் துயரமான பாத்திரம் பரீக்குட்டியல்லன், செம்பன்குஞ்சே என்று கூறுவது தவறாகாது. அவனொருவனுடைய கனவே கைகூடியது. கைகூடிய கனவே அவனைப் பித்தனாக்கியது. பித்தேறிய நிலையில் பரீக்குட்டியின் பணத்தை அவன் திருப்பிக் கொடுக்கும்போது, அப்பணத்தால் மீட்கத்தக்கது எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

கருத்தம்மாவை மணந்த பழனியின் கதியும் கடலிலன்றிக் கரையிலேயே தீர்மானிக்கப்படுகிறது. மனைவியைப் பற்றிய ஊர்வதந்தி பரவியதும் எவரும் அவனைத் தம் வள்ளத்தில் ஏற்ற விரும்பவில்லை. அநாதையாக வளர்ந்த, துணையற்ற தொழிலாளி அவன். கூட்டாகச் செய்யவேண்டிய தொழிலினின்று விலக்கப்பட்டு, சிறு தோணியில் தூண்டிலோடு தனியே ஆழ்கடல் செல்கிறான். சுறாவொன்று அவனை இழுத்துச் செல்கிறது. நாவலின் ஐதீகப்படி அவனைக் கொன்றவள் கடலம்மா, அல்லது நெறி பிறழ்ந்த மனைவி. நிகழ்ச்சிகளின் ஒழுங்கை நோக்கின், அவனைக் கொன்றது அயலார் விதித்த வேலைமறுப்பே. பலர் வலிக்கவேண்டிய துடுப்பைத் தனியொருவன் வலிக்க நேர்ந்தமையே அவன் மரணத்தின் காரணம்.

தகழி இதனை அறியாதவரல்லர். தோட்டித் தொழிலாளரைப் பற்றி 1947இலும், குட்டநாட்டு வயற் கூலிகளைப் பற்றி 1948இலும் வர்க்க நோக்குடன் நாவல்கள் படைத்தவர் அவர். ‘செம்மீன்’ நாவலில் அவர் பொருளியலை விட்டு ஐதீகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற கண்டனம் எழுந்ததுண்டு. அக்கண்டனம் முற்றும் பொருந்தாது. கணக்கை அவர் எழுதியே வைத்திருக்கிறார். தீர்ப்பை மட்டும் கடலம்மாவிடம் விட்டுவிட்டார். இந்த ஐதீகம் கரைவாழ் சமூகத்தில் ஆற்றும் பணியும் கவனிக்கத்தக்கது. கடலில் உயிரிழப்பு என்பது பழுதுற்ற வள்ளம், போதாத வலை, பசியின் நெருக்கால் தகாத பருவத்தில் தொழிலுக்குச் செல்லல் ஆகியவற்றால் நேர்வது. அப்பொறுப்பினை வள்ளக்காரனிடமிருந்தும் கடன் கொடுத்தவனிடமிருந்தும் அகற்றிக் கரையிலிருக்கும் பெண்ணின்மீது சுமத்துவதற்கு ஐதீகம் வழிசெய்கிறது.

காசுக்காகத் தொழில் செய்யும் எந்தக் கரையிலும் இவ்வுறவு தோன்றக்கூடும் என்பதற்கு இத்தாலியிலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஜியோவன்னி வெர்கா 1881இல் வெளியிட்ட ‘மலவோலியா குடும்பத்தார்’ என்னும் நாவல் சிசிலித் தீவின் மீனவக் கிராமமொன்றைப் பற்றியது. அக்குடும்பத்தார் கடனுக்குப் பயறுவகையொன்றை வாங்கித் தம் படகில் ஏற்றி அனுப்புகின்றனர். படகு புயலில் சிக்குகிறது, மகன் மாள்கிறான், சரக்கு போகிறது, கடன் மட்டும் எஞ்சுகிறது. அக்கடனுக்காக வீடும் கைவிட்டுப் போகிறது. படகுக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் ‘தெய்வ பராமரிப்பு’ என்று பொருள்படுவது. வெர்கா அந்தக் கசப்பை வாசகனிடமே விட்டுவிடுகிறார். கடலுக்குத் தெய்வ வடிவம் கொடுக்கவில்லை.

‘செம்மீன்’ எழுந்த காலம் இங்கு மிக முக்கியமானது. நாவல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1953இல், கொல்லத்துக்கு அண்மையிலுள்ள நீண்டகரைப் பகுதியில் இந்திய–நோர்வே மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டுவிட்டது. தகழியின் பாத்திரங்கள் துடுப்பு வலித்துக்கொண்டிருந்த அதே கரையோரத்தில், சிறிது தெற்கே, இயந்திரப் படகுகள் பரீட்சிக்கப்பட்டன. அதன்பின் இறால் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. அந்நிய நாணயம் ஈட்டித் தந்த அச்சிறு பிராணியைத் தேடி இழுவைப் படகுகள் பெருகின. நாவலின் பெயரான செம்மீன் என்பது அந்த இறாலே. பழைய கரையின் இறுதிக் காலத்தைப் பாடிய நூலுக்கு, அக்கரையைக் குலைக்கப்போகும் பண்டத்தின் பெயரே அமைந்தது தற்செயல். ஆனால் அர்த்தமுள்ள தற்செயல்.

இனி, குருநகர்.

பாக்குநீரிணைக்கு இப்பால் இதே காலப்பகுதியில் இதே மாற்றங்கள் நிகழ்ந்தன. குருநகரின் முற்பகுதி வரலாறு விரிவாகக் கூறவேண்டிய அவசியம் இங்கில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் தழுவிய கரை இது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த பின்னரும் கரையோர மக்கள் அச்சமயத்தை மறைவிற் பேணினர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேவ்வாஸ் அடிகளார் அவர்களைக் கண்டு பணியாற்றினார். இக்கரையின் நடுநாயகமாகத் திகழும் ஆலயம் புனித யாகப்பருக்குரியது. யாகப்பர் தாமே வலை செப்பனிட்ட மீனவர் என்பது சுவிசேஷச் செய்தி. ஆகவே இங்குக் கடலம்மா இல்லை. படகு இறக்குமுன் வேண்டப்படுவோர் புனிதர்களே. மனைவியின் நெறி பிறழ்வால் கடல் கொந்தளிக்கும் என்னும் கோட்பாடு திருச்சபையின் போதனைக்குப் புறம்பானது. தமிழகத்தின் கத்தோலிக்கப் பரதவர் கரையிலே பிறந்த ஜோ டி குருஸ் தம் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை 2004இல் வெளியிட்டபோது, கடலின் கொடுமையை எழுதக் கடலம்மாவின் துணை தேவைப்படவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் உள்ளிருந்து எழுதியவர். தகழி வேளாண்மை சார்ந்த கிராமத்தவர், தொழிலால் வழக்கறிஞர். பருவகாலத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடியமைக்கும் மீனவர் வாழ்வை ‘வாடைக்காற்று’ நாவலில் 1973இல் சித்திரித்த செங்கை ஆழியானும் பேராதனையிற் புவியியல் பயின்ற நிலத்து மனிதரே. கடலை நிலத்தவர் எழுதும்போது காற்றும் பறவையும் ஐதீகமும் முன்னுக்கு வருவதும், கடன்கொப்பி பின்னுக்குப் போவதும் வியப்பன்று.

கடலம்மா இல்லாத குருநகரிலும் கடன் இருந்தது. சம்மாட்டி என்பவர் படகும் வலையும் உடையவர். அவரிடம் தொழிலுக்குச் செல்வோர் பிடிபட்ட மீனின் பெறுமதியிற் பங்கு பெறுவர். தொழில் நடவாத மாதங்களில் அடுப்பெரிய முற்பணம் வாங்குவர். முற்பணம் தீரும்வரை வேறு படகுக்கு மாறுதல் இயலாது. சம்மாட்டியும் சுதந்திரமுடையவரல்லர். வலைக்கும் படகுக்கும் முதலீடு செய்த வியாபாரிக்கே அவர் மீன் கொடுக்கவேண்டும். விலையைத் தீர்மானிப்பவரும் அவ்வியாபாரியே. ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்ட இக்கடன்களின் அடியிலிருப்பவனுக்குச் சொந்தப் படகு என்பது செம்பன்குஞ்சுக்குப் போலவே வாழ்நாட் கனவு.

அக்கனவு ஓரளவு எட்டக்கூடியதாகத் தோன்றிய காலமும் ஒன்றிருந்தது. 1950களின் பிற்பகுதியில் இலங்கை அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைக் கடன் முறையில் வழங்கத் தொடங்கியது. பருத்தி நூல் வலைகளின் இடத்தை நைலோன் வலைகள் பிடித்தன. சிறு வள்ளங்களுக்கு வெளியிணைப்பு இயந்திரங்கள் வந்தன. நோர்வேயின் உதவியோடு உருவான சீநோர் நிறுவனம் காரைநகரிற் படகு கட்டும் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் அமைத்தது. நீண்டகரையில் கால் பதித்த அதே நாட்டின் தொழில்நுட்பம், ஒன்றரைப் பத்தாண்டு கழித்து யாழ்ப்பாணக் கரைக்கும் வந்தமை குறிப்பிடத்தக்கது. கடனீரேரி இறாலுக்குப் பேர்பெற்றது. ஏற்றுமதி வியாபாரம் பெருகவே, குருநகரிலும் சிறு இழுவைப் படகுகள் தோன்றின. அவற்றை இக்கரையார் றோலர் என்பர்.

ஆகவே 1960களிலும் 1970களிலும் குருநகரிற் பல செம்பன்குஞ்சுகள் இருந்தனர். சிலர் படகுக்காரராயினர். அவர் தம் பிள்ளைகள் அயலிலுள்ள சம்பத்திரிசியார் கல்லூரியிற் பயின்று வேறு தொழில்களுக்குச் சென்றனர். இதனை வளர்ச்சி என்று கூறத் தயங்கவேண்டியதில்லை. ஆனால் கடன் தந்தவர் மாறினாரேயன்றிக் கடன் மாறவில்லை. துடுப்புக்கு எரிபொருள் தேவையில்லை, இயந்திரத்துக்குத் தேவை. துடுப்பு பழுதுபட்டால் கரையிலேயே செதுக்கிக்கொள்ளலாம். இயந்திரத்தின் உறுப்பு கப்பலில் வரவேண்டும். கரையின் வாழ்வு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு, கரைக்கு அப்பாற்பட்ட முடிவுகளில் தங்கலாயிற்று. 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் கடலின் நடுவே ஒரு கோடு கீறின. மீனைத் தொடர்ந்து சென்ற மக்கள் அக்கோட்டுக்கு இப்புறத்தோர், அப்புறத்தோர் என்றாயினர். கோடு கீறப்பட்டது கொழும்பிலும் புதுடில்லியிலுமே.

மனித வலுவை மீறிய சூழ்நிலை என்ற தொடரின் முழுப்பொருளும் 1983க்குப் பின்னரே இக்கரைக்கு வெளிப்பட்டது. 1984இல் வடபகுதிக் கடல் அவசரகால விதிகளின் கீழ்க் கண்காணிப்புக்கும் பின்னர் தடைக்கும் உள்ளாயிற்று. எப்போது கடலுக்குச் செல்வது என்பதை வாடையும் சோழகமும் தீர்மானித்த காலம் முடிந்தது. அதனை அரச கட்டளை தீர்மானிக்கத் தொடங்கியது. பசிக்குக் கட்டளை விளங்காது. தடையை அறிந்தும் அறியாதார்போல் மீனவர் கடலிறங்கினர்.

1986ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். கடற்படையினரே கொன்றனர் என்பது கரையின் சாட்சியம். ஆண்டுதோறும் அந்நாள் குருநகரில் நினைவுகூரப்பட்டு வருகிறது. ஓர் ஊரின் ஒரு தொழிற்பிரிவில் ஒரே காலையில் 31 பேர் இல்லாமற் போதல் எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பது கடினம். ‘செம்மீன்’ நாவலின் இறுதியில், அக்காளின் குழந்தையைத் தாங்கி அழுதுகொண்டு கரையில் நிற்கும் பஞ்சமியோடு தகழி கதையை நிறுத்திக்கொள்கிறார். அவளுடைய மறுநாளைப் பற்றி நாவலுக்கு அக்கறையில்லை. குருநகரின் வரலாறோ அந்த மறுநாளிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது. ஆண் துணையிழந்த வீடுகளிற் பெண்கள் பிழைப்பைத் தேடியமை, பிள்ளைகளின் படிப்பு இடைநின்றமை, கணவன் பெற்ற முற்பணத்துக்கு யார் பொறுப்பு என்ற வினா ஆகியவை கதைக்கு உதவாதவை; வரலாற்றுக்கு இன்றியமையாதவை. இப்பெண்களுள் எவரையும் நோக்கிக் கற்பைப் பற்றிய வினாவை எழுப்ப எவருக்கும் துணிவு வந்திராது. அம்மரணங்களின் காரணம் மறைபொருளன்று. கரையில் நின்றோர் அறிந்திருந்தனர். ஐதீகம் தழைப்பதற்கு அறியாமை சிறிதளவேனும் வேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. இயந்திரங்கள் பழுதுபடாமலே பயனற்றுப் போயின. தாளமுடியாத விலை கொடுத்துப் பெற்ற மண்ணெண்ணெயிற் சில ஓடின. ஏனையோர் பாயையும் மரக்கோலையும் மீண்டும் கையிலெடுத்தனர். முப்பதாண்டுக் காலத் தவணைக் கடன்களால் எய்திய முன்னேற்றம் ஒரு தடையுத்தரவினால் பின்னோக்கித் திரும்பிற்று. 1993 நவம்பர் 13ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் புனித யாகப்பர் ஆலயம் சேதமுற்றது. அங்கிருந்தோர் பலர் மாண்டனர். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்தவர் அனைவரோடும் குருநகராரும் இடம்பெயர்ந்தனர். படகுகளைக் கரையில் விட்டே பலர் சென்றனர். திரும்பி வந்தபோது நகரம் இராணுவத்தின் வசமிருந்தது. கடலுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு, நேர வரையறை, இயந்திர வலுவுக்கு எல்லை என்பன 2009 வரை கூடியும் குறைந்தும் நீடித்தன. இரவில் தொழில் செய்யவேண்டிய இறால் வலைக்குப் பகலில் அனுமதி கிடைத்தாலும் பயன் அரிதே.

இவ்விடத்தில் ‘செம்மீன்’ நாவலை மீண்டும் நோக்குதல் நன்று. பழனி கடலுக்குச் சென்றது, கரை அவனைக் கைவிட்டமையால். குருநகரானுக்குக் கடலும் கரையும் ஒருங்கே மூடப்பட்டன. ஆயினும் இருவர் நிலையிலும் ஒரு பொதுமை உண்டு. தொழிலாளி தன் தொழிலை எப்போது, எவரோடு, எத்தகைய கருவியோடு செய்வது என்பதைத் தானே தீர்மானிக்க இயலாத நிலை அது. நாவலில் அந்தத் தீர்மானத்தைக் கரையின் பெரியோர் செய்தனர்; குருநகரில் அரசும் போரும் செய்தன. இரண்டையும் விதி என்று பெயரிட்டால் வேறுபாடு மறைந்துவிடும். விதியின்மேற் பழி சுமத்துவோருக்கு அது வசதியாகவும் இருக்கும்.

போர் முடிந்தபின் கடல் திறந்தது. அதனுள் வேறு கலங்கள் இருந்தன. தமிழகத்தின் இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று இரவுகள் எல்லைக் கோட்டைக் கடந்து வடகரையோரம்வரை வந்து மீன் அள்ளின. அவ்விரவுகளில் வலை விடுவோர் காலையில் வலையின் எச்சங்களையே மீட்டனர். அறுந்த வலைகளின் கடன் அறுவதில்லை. அப்படகுகளில் வருவோரும் கூலிக்கு உழைக்கும் தமிழ் மீனவரே என்பதும், அவர் தம் கரையில் மீன் அற்றுப்போகக் காரணமானது நீண்டகரையிலிருந்து பரவிய அதே இழுவை முறையே என்பதும் பிரச்சினையைச் சிக்கலாக்குகின்றன. ‘செம்மீன்’ எழுந்த காலத்தில் ஆலப்புழைக்குத் தெற்கே தொடங்கிய ஒரு மாற்றம், அரை நூற்றாண்டு சுற்றிக் குருநகர்க் கடலில் வந்து நின்றது.

2017இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்திருத்தத்தின் மூலம் அடித்தள இழுவைமுறையைத் தடைசெய்தது. தமிழகப் படகுகளை எதிர்த்து வடபகுதி மீனவர் பல்லாண்டு போராடியதன் விளைவு அச்சட்டம். அது குருநகரின் உள்ளூர் றோலர்களையும் சேர்த்தே தடைசெய்தது. கடல் அடித்தளத்தைச் சுரண்டும் முறை எவர் செய்யினும் கேடானதே என்ற வாதம் சரியானது. சிறுவலைத் தொழிலாளர் அதனை வரவேற்றனர். ஆனால், தவணைக் கடனும் அரச ஊக்குவிப்பும் பெற்று ஒரு தலைமுறைக்கு முன்னர் இழுவைத் தொழிலுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, சொந்தப் படகு என்ற கைகூடிய கனவே சட்டவிரோதமாயிற்று. செம்பன்குஞ்சை வெறுமனே பேராசைக்காரன் என்று ஒதுக்கிவிட இயலாததுபோல இவர்களையும் ஒதுக்கிவிட இயலாது.

2022இல் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது மண்ணெண்ணெய்க்காக மீனவர் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஓர் இலீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கடனீரேரி அன்று அமைதியாகவே இருந்தது. கணக்குப் பார்த்தவர்கள் படகைத் தள்ளாமற் கரையிலேயே விட்டனர்.